தளிருக்கு விடாத மரம்

கோஷத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க தோழர்களே. ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் கத்துங்க.

பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குற ஒரு ஷெட். நம்ம ஷெட் மாதிரியேன்னு வெச்சுக்கங்க. அதுல வேலை பாக்குறவர் கதிரேசன். பொண்டாட்டி தவமணி. ஒரே பொண்ணு குயிலி, நாலு வயசு.

ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு பூவரச மரம். புகை, தூசின்னு யாராச்சும் வாயைத் திறந்தா, மேனேஜர் அந்த மரத்தைத்தான் காட்டுவாரு. "பாருய்யா, தளிர் எப்படிப் பளபளன்னு இருக்கு! மரத்துக்கே ஒன்னும் ஆகல, உனக்கு என்ன ஆயிடும்?" எல்லாரும் தலையாட்டினாங்க. நாமளும் இப்படித்தானே ஆட்டுறோம்?

பிள்ளையார் சதுர்த்தி வந்துது. அவங்க வீட்ல கொழுக்கட்டைக்குப் பூவரச இலையில மாவைத் தட்டி, பூரணம் வெச்சு மடிச்சு, ஆவியில வேக வெப்பாங்க. தவமணி அந்த ஷெட்டு மரத்துக்கே போய், நல்லா அகலமா, முத்தின இலையாப் பாத்துப் பறிச்சாங்க. சின்ன இலையில பூரணம் நிக்காதே!

முதல் ஈடு இறக்கியாச்சு. குயிலி ஒன்னை எடுத்து ஊதி ஊதித் திங்குது... அப்ப வாசல்ல ஒரு சத்தம். "அக்கா! அது ஷெட்டு மரத்து இலையா?" பக்கத்து வீட்டு நஸ்ரின். காலேஜ்ல தாவரவியல் படிக்கிற பொண்ணு. அந்த மரத்து இலையை லேப்ல சோதிச்சுப் பாத்திருக்கா.

"கீழ போடச் சொல்லுங்கக்கா! முத்தின இலை பூரா ஈயம்!"

தவமணி தட்டி விட்டாங்க. புள்ள வீல்னு அழுவுது. "தளிர் நல்லாத்தானேடி இருக்கு?"

"அதான்க்கா. அந்த மரம் முடிஞ்ச மட்டும் ஈயத்தை வேர்லயே நிறுத்திக்கிது. மீறி ஏறினதை முத்தின இலையில சேத்து உதுத்துடுது. தளிர் பக்கம் விடறதில்ல."

ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் தவமணி வாயில பச்சத்தண்ணி படல... டாக்டர் கூப்பிட்டாரு. "ஈயம் நிறைய இருக்கும்மா. ஆனா ஒரு கொழுக்கட்டையில இவ்வளவு ஏறாது. இது மாசக்கணக்கா ஏறினது. வீட்ல யாரு ஈய வேலை பாக்குறது?"

தவமணி திரும்பிப் பாத்தாங்க. ஷிப்டுல இருந்து அப்படியே ஓடி வந்த கதிரேசன் நிக்கிறாரு. அதே வேலைச் சட்டை. அந்தச் சட்டை மேல கன்னத்தை வெச்சு... குயிலி தூங்குது.

ஈயம் எது வழியா வீட்டுக்கு வந்துது? சொல்லுங்க தோழர்களே!

அந்த மரத்துக்கு வாயில்ல. யூனியன் இல்ல. ஆனாலும் விஷத்தைத் தளிர்கிட்ட நெருங்க விடல. நாம? சட்டையில ஒட்டி வீட்டுக்குக் கொண்டு போறோம். எனக்கு மேனேஜர் மேல மட்டும் கோவம் இல்ல, நம்ம மேலயும்தான். குளிக்க நாலு குழாய், சட்டை மாத்த ஒரு ரூம். எவ்வளவு நாளாக் கேக்குறோம்? "பாக்கலாம், பாக்கலாம்"னு சொன்னாங்க. நமக்குத்தானேன்னு நாமளும் விட்டுட்டோம். நமக்கா அது? நம்ம புள்ளைங்களுக்கு! அந்த ரூம் கட்டுற வரைக்கும் யாரும் ஷெட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது.

இப்ப இதே வேலைச் சட்டையோட இங்கிருந்து நேரா வீட்டுக்குத்தான் போவீங்க. புள்ள வாசலுக்கு ஓடி வரும்... தொடாதீங்க. அழுதாலும் தொடாதீங்க. குளிச்சிட்டு வந்து தூக்குங்க.