மூன்றாவது வாளி

மழை வருவதற்கு முந்தின நாளே என் இடுப்பு சொல்லிவிடும். இருபத்திரண்டு வருஷம் கென்டக்கி மலையில் கல்குவாரி வேலை பார்த்த இடுப்பு, ஐயா. இந்த நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்; மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

குவாரி மூடியதும் லைல் கெசிங்கரிடம் சேர்ந்தேன். மீன்தொட்டிக்குள் கல்லும் வேர்க்கட்டையும் பாசியும் வைத்து ஓர் ஓடைக்கரையையே எழுப்புவது அவன் தொழில். வீட்டுச் செடிகளைத் தொட்டியின் பின்விளிம்பில் நட்டு, வேரைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவான். எங்கள் ஊர்ப் பல் மருத்துவர், வக்கீல் எல்லார் வரவேற்பறையிலும் அவன் தொட்டிதான். ஓடையில் இறங்கிக் கல் எடுத்து வருவது என் வேலை. கல்லில் இரண்டு சொட்டு வினிகர் விடுவேன். நுரைத்தால் சுண்ணாம்பு, மீனுக்கு ஆகாது, அங்கேயே போட்டுவிடுவேன்.

போன வசந்தத்தில் மாநில மீன்தொட்டிப் போட்டிக்கு ஆறடித் தொட்டி ஒன்று தயாரானது. லைல் நான் கொண்டுவந்த பதினோரு கற்களையும் வேலிக்கம்பு மாதிரி நட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். கல்லுக்கு ரேகை உண்டு, ஐயா. ஓடையில் கிடக்கிற கற்களுக்கு ரேகை ஒரே பக்கமாக ஓடும். எல்லாம் ஒரு பாறையின் பிள்ளைகள். பதினொன்றையும் பெயர்த்து அப்படிச் சாய்த்து வைத்தேன். திரும்பி வந்தவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு படம் எடுத்துக்கொண்டான்.

தொட்டிமேல் ஒட்டுகிற பெயர் அட்டையில் அவன் பெயருக்குக் கீழே என் பெயரையும் சின்னதாகப் போடச் சொன்னேன். வெர்னன் ஸ்டிடம் என்று ஒரு முழுப் பெயர் எனக்கு உண்டு. அது எங்கேயும் அச்சாகி நான் பார்த்ததில்லை. பார்க்கலாம் என்றான்.

முதல் பரிசு கிடைத்தது. நடுவராக வந்த அம்மாள், கற்களை வைத்தது யார் என்று குறிப்பாகக் கேட்டார். லைல் என் தோளில் கை போட்டான்.

"கல்லைத் தூக்க ஒரு முதுகு வேணும், பாக்க ஒரு கண்ணு வேணும். முதுகு இந்தப் பெருசு, கண்ணு நான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஒழுங்காக வேலைக்குப் போனேன். நான் ஆத்திரக்காரன் இல்லை.

பின்விளிம்புச் செடிகளில் வெள்ளைப் புள்ளி இலைச் செடி ஒன்று உண்டு. எங்கள் பக்கம் ஊமைத்தண்டு என்பார்கள். ஒருமுறை அதை நறுக்கிய கையால் உதட்டைத் துடைத்துவிட்டேன். அரை நாள் நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. லைல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்பாடா, இன்னைக்குக் கடையில நிம்மதி. பெருசு வாய் தொறக்காது." அந்தச் செடியின் குணத்தை எனக்கு ஞாபகத்தில் நிறுத்தியவன் அவன்தான்.

தொட்டித் தண்ணீர் மாற்ற, குழாய் முனையை வாயில் வைத்து உறிஞ்சித்தான் ஓட்டத்தைத் தொடங்குவார்கள் இந்தத் தொழிலில். கையால் அமுக்கும் பம்ப் கடையில் கிடைக்கிறது. "தொட்டித் தண்ணி குடிக்காதவனுக்கு இங்க என்னய்யா வேலை" என்பான் லைல். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவன் வருவதற்கு முன்னால் ஒரு தண்டை நறுக்கி, பரிசுத் தொட்டியின் குழாய் முனையில் தடவி வைத்தேன். ஒரு வாரம் பேசாமல் இருக்கட்டும் என்பது மட்டுமே என் எண்ணம்.

உறிஞ்சினான், துப்பினான், என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். சத்தம் வரவில்லை. கை கழுத்துக்குப் போனது.

அவனுக்குத் தேனீ கொட்டினாலே தொண்டை அடைத்துவிடும். அதற்கான ஊசி வண்டியில் இருக்கும். வண்டிச் சாவி அன்றைக்கு என் பையில் இருந்தது. கல் ஏற்றி வந்தவன் நான். தரையில் மண்டி போட்டு என் பையைக் காட்டினான். அடுத்து என் கைபேசியைக் காட்டினான். தண்ணீரோ ஓட ஆரம்பித்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு இறக்க வேண்டும், அதாவது மூன்று வாளி. பாதியில் விட்டால் மண் கலங்கி மீன் திணறும். இதுவும் அவன் கற்றுக்கொடுத்ததுதான்.

இரண்டாவது வாளி நிறையும்போது அவன் என் கால்சட்டையைப் பிடித்திருந்தான். மூன்றாவது வாளியில் கை விட்டுவிட்டது. புதுத் தண்ணீரைத் தொட்டுச் சூடு பார்த்து, மெதுவாக ஊற்றி, கற்கள் நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். ஒரு மீனும் சாகவில்லை, ஐயா.

தொட்டி இப்போது அவன் மனைவி லோரீன் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அட்டையும் அப்படியே இருக்கிறதாம். அவளைப் பார்த்தால் சொல்லுங்கள்: லைல் எனக்கு ஒரு பெயர் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 'கற்களை வைத்தவர் வெர்னன் ஸ்டிடம்.' அவன் கையால் எழுதியிருக்க வேண்டியது. அவள் எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.