வண்டி அவிழ்த்த கல்

கேளுங்கள். தும்பைக்குளத்தில் கிணறுகளைவிடக் குதிரைகள் அதிகமாக இருந்த ஒரு காலம் உண்டாம். அந்தக் காலத்தில் ஆவுடைத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வாழவந்தவள். எனக்கு ஐந்து தலைமுறை முந்தியவள். ஆறு என்று என் சித்தப்பா மகன் சொல்வான். அவனுக்கு எண்ணத் தெரியாது. ஐந்துதான்.

ஆவுடைத்தாயின் புருஷன் பெயர் வெயிலுமுத்து. அவனிடம் ஒரு பெண்குதிரை இருந்தது. பெயர் அல்லி. வருஷா வருஷம் அம்மன் கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, குதிரைவண்டிப் பந்தயம் நடக்கும். கோவில் வாசலில் புறப்பட்டு, தெற்கே எல்லைக் கல்லைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கோவில் வாசலுக்கு வந்து சேர வேண்டும். ஆறு வருஷம் தொடர்ந்து அல்லியே முதலில் வந்தாள். அந்த ஆறு வருஷமும் மழை தவறவில்லை. அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது. அல்லி ஓடினால் மழை. அல்லி ஜெயித்தால் விளைச்சல்.

ஏழாவது வருஷம் வந்தது. கொடைக்குப் பந்தக்கால் நாட்டிவிட்டார்கள். ஒருநாள் காலையில் ஆவுடைத்தாய் காணம் வைக்கப் போனாள். காணம் என்றால் கொள்ளு, எங்கள் பக்கத்துச் சொல். காணப் பெட்டிச் சத்தம் கேட்டாலே தரையை உதைக்கிற அல்லி, அன்று தலையைக்கூடத் தூக்கவில்லையாம். ஆவுடைத்தாய் அவள் விலாவில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டதும் நேரே புருஷனிடம் போனாள்.

"கேக்கியளா, இந்த வருசம் அல்லி ஓட வேண்டாம்."

"ஏன்?"

"மூச்சு சரியில்ல. உள்ள துருத்தி ஊதுத மாதிரி கேக்கு."

"ஏளா, குதிரைன்னா மூச்சு விடத்தான் செய்யும். விடலன்னாத்தான் பயப்படணும்."

"ஒரு தடவை வந்து காதை வச்சுப் பாருங்க."

"ஆறு வருசம் ஜெயிச்ச குதிரைகிட்டப் போயி நான் காதை வைக்கவா? ஊரு சிரிக்கும்."

அவன் காதை வைக்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் கோவில் முன்னால் பந்தயம் கட்டுவார்கள். காசு கிடையாது. ஆடு, தவச மூட்டை, பித்தளைப் பானை, இப்படி. அந்த வருஷம் ஒரு சங்கடம். எல்லோரும் அல்லி மேலேயே கட்டினார்கள். எதிர்த்துக் கட்ட ஆள் இல்லை. கொம்பையா என்று ஒருவர், ஊரிலேயே பெரிய தொண்டைக்காரர். அவர் கத்தினாராம்:

"என்னவே இது? எல்லாரும் ஒரே குதிரை மேல கட்டினா, யாரு தோத்து யாருக்குக் குடுக்க?"

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஆவுடைத்தாய் எழுந்து வந்தாள். இரண்டு காதிலும் கிடந்த பாம்படத்தைக் கழற்றினாள். அவள் தாய் போட்ட பாம்படம், வீட்டில் இருந்த தங்கம் அது ஒன்றுதான். அதைப் பூசாரி தட்டில் வைத்தாள்.

"நான் எதுத்துக் கட்டுதேன். அல்லி ஜெயிக்க மாட்டா."

கொட்டுக்காரன் கை நின்றுவிட்டது என்பார்கள்.

கொம்பையா கேட்டார்: "அப்போ எந்த வண்டி ஜெயிக்கும் தாயி?"

"அது எனக்குத் தெரியாது மாமா. எது வேணும்னாலும் ஜெயிக்கட்டும். அல்லி ஜெயிக்க மாட்டா. அதுக்குத்தான் கட்டுதேன்."

"வீட்டுக் குதிரைக்கு வீட்டுக்காரியே எதிரா! மழைக்கு எதிராவா கட்டுத?"

"மழை என் குதிரை முதுகுலயா இருக்கு? மேல இருக்கு."

ஊர் கொதித்துப்போனது. வெயிலுமுத்துவின் முகம் செத்துப்போனது. அவன் சொன்னது இதுதான்: "சரி. அல்லி தோத்தா அவளை நீயே வச்சுக்க. நான் இனி சாட்டையைத் தொடல. ஜெயிச்சா, நீ இனிமே என் குதிரையைப் பத்திப் பேசப்படாது."

பூசாரி கேட்டார்: "நீ ஜெயிச்சா உனக்கு ஊரு என்ன குடுக்கணும்?"

"அல்லி மேல கட்டின ஒவ்வொரு வீடும், அவ உயிரோட இருக்குத வரைக்கும், கொடைக்குக் கொடை ஒரு படி காணம் குடுக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கொம்பையாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "பாம்படத்துக்காக இவ ராவோட ராவா குதிரையைப் பட்டினி போட்டுட்டா?" என்றார். ஆவுடைத்தாய் காணப் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். "நீங்களே வைங்க மாமா. நீங்களே காவல் இருங்க." அவரும் விடிய விடியக் காவல் இருந்தாராம். அல்லி பாதிக் காணத்தை மிச்சம் வைத்ததையும் பார்த்தாராம். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பந்தயம் கட்டியவருக்கு எப்படி வாய் திறக்கும்?

விடிந்தது. கோவில் வாசலில் ஏழு வண்டி நின்றது. ஒன்பது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒன்பது நிற்க அந்தத் தெருவில் இடம் கிடையாது. ஏழுதான்.

ஆவுடைத்தாய் ஒரு பானைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்லுக்குப் போய் நின்றாள். ஆட்கள் அங்கேயும் கூடியிருந்தார்கள். அவளோடு யாரும் பேசவில்லை. வெறுங்காது தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டிகள் வந்தன. யார் முன்னால்? அல்லி முன்னால். காற்று மாதிரி வந்தாள். "பார்த்தியா, பார்த்தியா!" என்று கொம்பையா துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆவுடைத்தாயைச் சுற்றி ஆடினாராம். கல்லைச் சுற்றித் திரும்பினாள் அல்லி. திரும்பின இடத்திலேயே முன்னங்கால் மடிந்தது. மண்டி போட்டுவிட்டாள்.

ஒரு வண்டி தாண்டியது. இன்னொரு வண்டி தாண்டியது. ஆறும் தாண்டின. புழுதி அடங்கியது. கட்டின பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் ஊருக்கு மனசு ஆறவில்லை. அல்லி ஓடினால்தானே மழை.

"அடி வே! அவ எந்திரிப்பா, அடி!" என்று கத்தினார்கள்.

வெயிலுமுத்து சாட்டையை ஓங்கினான். ஓங்கியபோது பொண்டாட்டி எதிரே நின்றாள். கையைப் பிடிக்கவில்லை. அழவில்லை. சொன்னாள்:

"அடிச்சா எந்திரிப்பா. எந்திரிச்சு ஓடவும் செய்வா. கோவில் வரைக்கும் ஓடித்தான் சாவா. அவ அப்படிப்பட்டவ. அதான் எனக்குப் பயம்."

ஓங்கின கை அப்படியே நின்றது. அவன் வண்டியைவிட்டுக் குதித்தான். அல்லி பக்கத்தில் உட்கார்ந்தான். விலாவில் காதை வைத்தான். ஊர் முன்னாலேயே வைத்தான். யாரும் சிரிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "ஆமாளா" என்றானாம்.

சாட்டையைக் கல்லுக்கு அடியில் போட்டான். வண்டியை அவிழ்த்தான். ஆவுடைத்தாய் தண்ணீர் காட்டினாள். அல்லி மெல்ல எழுந்தாள். அந்த வண்டியில் குதிரை பூட்டும் ஏர்க்கால்களுக்கு நடுவில் வெயிலுமுத்தே புகுந்து, தானே இழுத்துக்கொண்டு நடந்தான். பக்கத்தில் அல்லி. அவளுக்குப் பக்கத்தில் பிடரியைத் தடவிக்கொண்டு ஆவுடைத்தாய். மூன்று பேரும் கோவில் வாசலுக்கு வந்து சேர உச்சி வெயிலாகிவிட்டது. அதுவரை ஒருத்தரும் கலையவில்லை.

பூசாரி தட்டை நீட்டினார். வெயிலுமுத்து பாம்படத்தை எடுத்து, "காதைக் காட்டு" என்றான். ஊர் நடுவில் புருஷன் பொண்டாட்டிக்குப் பாம்படம் மாட்டிவிட்டதை அதற்கு முன்னால் தும்பைக்குளம் பார்த்ததில்லை. அவனுக்கு மாட்டத் தெரியவில்லை. வலம் இடம் மாற்றி மாட்டிவிட்டான்.

முதல் காணம் கொண்டுவந்தவர் கொம்பையா. இரண்டு படி கொண்டுவந்தார். "ஒண்ணு பந்தயத்துக்கு. இன்னொண்ணு, நான் ராத்திரி பார்த்ததைச் சொல்லாததுக்கு" என்றார்.

அந்த வருஷம் மழை பெய்ததா என்று கேட்பீர்கள். கொட்டித் தீர்த்தது என்பார்கள். நான் விசாரித்தவரை, தூறல். ஆனால் அதற்கு யாரும் அல்லியைக் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அல்லி பதினொரு வருஷம் இருந்தாள். வேலை ஒன்றும் கிடையாது. ஊர்க் காணத்தைத் தின்று கொழுத்து, கொம்பையா வீட்டு வைக்கோலையும் திருடித் தின்றாள் என்று கேள்வி. அவள் செத்த வருஷத்துக் கொடைக்கும், பழக்கத்தில் எல்லோரும் படியோடு வந்து நின்றுவிட்டார்கள். வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. ஆவுடைத்தாய் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இன்னைக்குக் கடைசியா வந்த குதிரை எது?" என்று கேட்டாள். "அதுக்குக் குடுங்க. அதுதான் களைச்சிருக்கும்."

அதிலிருந்து இன்றுவரை தும்பைக்குளத்துக் கொடையில் கடைசிக் குதிரை வந்து சேரும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. வந்ததும் வீட்டுக்கு ஒரு படி காணம் அதற்குத்தான். தெற்கே அந்தக் கல்லுக்கும் வண்டி அவிழ்த்த கல் என்றுதான் பெயர். அதைச் சுற்றும்போது வண்டிக்காரர்கள் சாட்டையைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த ஏழாவது வருஷம் முதலில் வந்த வண்டி யாருடையது? அதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.