ஈசிஜி இயல்பு

எனக்குக் காபி ஆறிப்போனால்தான் பிடிக்கும். இருபது வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டராக இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

எங்கள் பிரிவு நஷ்டத்தில் ஓடுகிறது, மூடப்போகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. நெப்ராஸ்கா பனியில் அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வழியிலேயே எத்தனை பேர் போய்விடுவார்கள் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போனது.

ஈசிஜியைப் படித்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒரு ஈசிஜிக்கு ஒரு டாக்டருக்குத்தான் காப்பீட்டுக்காரர்கள் தருவார்கள். நகரத்து இதய மருத்துவர்கள் மறுநாள் சாவகாசமாகப் படித்து அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளி இருக்கும்போதே நாங்கள் படித்து எழுதினால் அந்தப் பணம் எங்கள் பிரிவுக்கு. துடிப்பின் வேகம், சீர், அலையின் வடிவம், இந்த மூன்றையாவது எழுத வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்றும் 'இயல்பு' என்று விழும்படி கணினியில் ஏற்பாடு செய்தேன். கீழே, 'நானே பார்த்தேன்'. கோளாறு இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பது எண்ணம். நகரத்துக்காரர்களை இனிப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டுவேன் ஹ்ருஸ்கா டிராக்டர் மெக்கானிக். தாடை வலி என்று வந்தார். நர்ஸ் மார்லிஸ் அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டினாள்.

"தாடை வலிக்குதுன்னு வந்தா நெஞ்சுல ஒட்டுறியே. பல் டாக்டர்கிட்ட போனா கால்ல ஒட்டுவாங்களா?"

"பேசாம படுங்க டுவேன். உங்க வீட்டுக்காரம்மா மாதிரி நானும் கத்தணுமா?"

அன்று கூட்டம் அதிகம். ஈசிஜி தாள் என் கைக்கு வருமுன்பே பொத்தானை அழுத்திக் கையெழுத்திட்டு, வலி மாத்திரை எழுதி அவரை அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் தாளைப் பார்த்தேன். அலை மேடாக எழும்பியிருந்தது. மாரடைப்பு. மருத்துவம் படிக்கிற பையன்கூடச் சொல்லிவிடுவான்.

"டாக்டர், டுவேன் மருந்துச் சீட்டை விட்டுட்டுப் போயிட்டாரு. வெளியதான் நிக்கிறாரு, கூப்பிடவா?"

"வேண்டாம் மார்லிஸ். மருந்துக்கடைக்கு நானே சொல்லிடறேன்."

பயந்தேன், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அறிக்கை கட்டணத்துக்குப் போய்விட்டது. திருத்தினால், திருத்திய நேரமும் பதிவாகும். மற்ற அறிக்கைகளையும் கிளறுவார்கள். நான் பார்க்காமலே பார்த்ததாக எழுதியவை நூற்றுக்கணக்கில் இருந்தன. பிரிவை மூடிவிடுவார்கள். ஒரு ஆளா, ஊரா என்று யோசித்தேன். நீங்களும் ஊரைத்தான் சொல்லியிருப்பீர்கள். அன்று சாயங்காலம் டுவேன் சாப்பாட்டு மேசையிலேயே சரிந்துவிட்டாராம். அவர் மனைவி வெர்னாவிடம் நானே போய் ஆறுதல் சொன்னேன். பிரிவு இன்னும் திறந்திருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்ற பிறகு என்ன செய்தேன் என்று விசாரணையில் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். மார்லிஸ் போனபிறகு ஜன்னலருகே நின்றேன். டுவேன் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியை ஒரு கையால் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கை தாடையைப் பிடித்திருந்தது. சுரண்டி முடிக்க வெகுநேரம் ஆனது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.