சிலிர்க்காத கிடா

என் பெயர் தில்லைநாயகம். தகப்பனார் பெயர் மாடன், காலஞ்சென்றவர். வயது நாற்பத்தொன்பது. இலஞ்சி கீழத்தெருவில் குடியிருந்து வருகிறேன். எம்.ஏ. படித்திருக்கிறேன். தென்காசியில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக வேலை பார்க்கிறேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் எனக்கு மேலே தலைமையாசிரியராக இருப்பது பற்றி நான் சொன்னவை இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லை என்று ஏட்டு அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

மனுக் கொடுத்துள்ள ஆவுடைத்தாய் என் தம்பி மாடக்கண்ணுவின் மனைவி. அவர்கள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து உள்ளவை. நடுவே கிளுவை வேலி. பாகப்பிரிவினையில் மடையை ஒட்டிய மேல்வயல் தம்பிக்கும் கீழ்வயல் எனக்கும் வந்தது. 1975ஆம் வருடம் என் வயலில் என்ட்ரின் பூச்சிமருந்து அடித்த மறுநாள் தவளைகள் வயிறு மேலாக மிதந்ததையும், அவற்றைத் தின்ற கொக்கு ஒன்று வரப்பில் சாய்ந்து சாய்ந்து நின்றதையும் பார்த்தேன். அதன்பிறகு வயலில் மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டேன். தம்பி நிறுத்தவில்லை. அவன் அடிக்கும் மருந்து தண்ணீரோடு என் வயலுக்குத்தான் இறங்கும். ஒரு போகம் மட்டும் அடிக்காமல் இருந்து பார் என்று டீக்கடையில் வைத்துக் கேட்டேன். அதற்கு அவன், "நீ மாசச் சம்பளக்காரன், ஒனக்குப் புழுவும் பூச்சியும் சொந்தக்காரங்க. நான் நெல்ல வச்சில்லா கஞ்சி குடிக்கணும்" என்றான். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. சிரித்தவர்கள் பெயரையும் என்னால் சொல்ல முடியும்.

அதன்பிறகு நான் தோல் செருப்பை விட்டு ரப்பர் செருப்புக்கு மாறினேன். மீனும் கறியும் விட்டேன். கன்று குடித்து மிஞ்சிய பாலைத்தான் கறக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். கொசு மருந்து அடிப்பதையும் நிறுத்தினேன். என் மனைவி கோமதியம்மாள், "ஒங்க அகிம்சைக்கு எங் காலுல்லா கடி வாங்குது" என்று இன்றுவரை சொல்லி வருகிறாள். ஆனால் தனக்கென்று வேறு குழம்பு வைப்பதைச் சில மாதங்களில் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

சென்ற வருடம் தம்பிக்கு மஞ்சள் காமாலை கண்டு பிழைப்பது கடினம் என்றிருந்தபோது, ஆவுடைத்தாய் எங்கள் குலதெய்வமான சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டாள். தம்பியை நான் போய்ப் பார்க்கவில்லை. வேலி வழியாக என் மனைவி கேட்டு வந்து சொல்வாள். தம்பி பிழைத்தான். அதன்பிறகு நேர்ச்சைக்கென்று அவர்கள் வளர்த்த கிடா வேலியில் உள்ள இடைவெளியில் தலையை நீட்டும். நான் அகத்திக் கீரையும் வாழைப்பழத் தோலும் கொடுப்பேன். வேறு எந்த மருந்தோ பச்சிலையோ நான் கொடுத்ததில்லை. கிடா சிலிர்க்காதபடி நான் ஏதோ கொடுத்துவிட்டதாக மனுவில் சொல்லியிருப்பது தவறு.

13.5.1983 வெள்ளிக்கிழமை கோயில் கொடைத் திருவிழா. வழக்கமாக நான் மூத்தவன் என்ற முறையில் திருநீறு வாங்கிக்கொண்டு வெட்டுக்கு முன்பே வந்துவிடுவேன். இந்த வருடம் பழகிய கிடா என்பதால் வர மனமில்லாமல் வேப்பமரத்தடியில் நின்றேன். ஐந்தருவியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கிடாவின் தலையில் ஊற்றினார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். உதறாத கிடாவை வெட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கிடா உதறவில்லை. பல தடவை ஊற்றியும் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றது. அதன்பிறகு சாமியாடும் எங்கள் சித்தப்பா, "வீட்டுல மனத்தாங்கல் இருக்குலே. மூத்தவன் கையும் எளையவன் கையும் சேந்து ஊத்தினாத்தான் மாடன் வாங்குவான்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு தம்பி கூட்டத்தை விட்டு என்னிடம் வந்தான். காமாலைக்குப் பின் நான் அவனைப் பக்கத்தில் பார்த்தது அப்போதுதான். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. "அண்ணே, நடந்தத விடு. நான் சொன்னது தப்புதான். வந்து ஒரு கை தண்ணி ஊத்து" என்றான். இந்தச் சொல்லை நான் எட்டு வருடமாக எதிர்பார்த்திருந்தேன். நான், "எனக்கு ஒம்மேல உள்ளது தீரலடே" என்று சொல்லி அங்கேயே நின்றேன். ஆவுடைத்தாய் வந்து, "அத்தான், எந் தாலிக்கு நேந்த கிடா. ஒங்க கோவத்துக்கு அவுக உசுரா கெடச்சுது?" என்று கேட்டாள்.

அதன்பிறகு அவள் தமையன் என்னை நெஞ்சில் தள்ளியதில், நான் விழுந்து முழங்கையில் காயம் ஏற்பட்டது. அது குறித்து நான் மனுக் கொடுக்க விரும்பவில்லை. கிடாவை வெட்டாமல் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று நிலையத்தில் இரு தரப்பும் சமாதானமாகப் போய், ஒரே தாளில் கையெழுத்திட்டால் மனுவை முடித்துவிடலாம் என்று ஏட்டு அவர்கள் சொன்னார்கள். தம்பி சம்மதித்துக் கையெழுத்திட்டுவிட்டான். நான் விழுந்தபோது கழன்ற ரப்பர் செருப்பில் ஒன்றை அவன் எடுத்து வந்து நிலைய வாசலில் வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் கையெழுத்திட்டால் வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தக் கிடா உதறும்.

என் தம்பி மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா என்று ஏட்டு அவர்கள் கேட்டதற்கு, இருப்பதாகவே எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார்கள். கிடாவுக்கு இப்போது இரண்டு வயது. ஆடு பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தம்பிக்கு வைத்தியர் அத்தனை வருடம் சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கிடா தானாகச் சாகும்வரை எங்களுக்குள் சமாதானம் ஏற்படாது என்று பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதில் கண்டவை நான் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நானும் ஒரு முறை வாசித்து இரண்டு பிழைகளைத் திருத்தினேன். மற்றபடி யாவும் உண்மை.

(ஒப்பம்) மா. தில்லைநாயகம்
16.5.1983