துணைக்கு வந்த ஆள்

மச்சினி: பேப்பரைக் கொஞ்சம் திருப்பிப் பிடிங்க மாமா. தலைகீழா இருக்கு.

மாமா: யாரு... அட, வாலு! நீ எங்க இங்க?

மச்சினி: அது நான் கேக்க வேண்டிய கேள்வி. குடியுரிமை ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை? நீங்கதான் எப்பவோ வாங்கிட்டீங்களே.

மாமா: வாங்கிட்டேன், வாங்கிட்டேன். மெதுவா பேசு... எங்க டிப்போவுல ஒருத்தன். புதுசா பஸ் ஓட்ட வந்தவன். அவனுக்கு இன்னிக்கு இன்டர்வியூ. கால் நடுங்குது, துணைக்கு வாங்க அண்ணேன்னான். வந்தேன்.

மச்சினி: எங்க அவர்?

மாமா: எவரு?

மச்சினி: கால் நடுங்கினவரு.

மாமா: பாத்ரூம்ல. காலையிலேர்ந்து... பாத்ரூம்லதான்.

மச்சினி: பாவம். உங்க மடியில இருக்கிற ஃபைலு?

மாமா: அவனோடது. அதையும் பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போவானா?

மச்சினி: சரிதான். ஆனா இன்டர்வியூ அவருக்கு, கோட்டும் டையும் உங்களுக்கா?

மாமா: ஒரு ஆபீஸுக்கு வந்தா மரியாதையா வரணும். நம்ம ஆளுங்களுக்கு அது எங்க தெரியுது? அதை விடு, நீ எதுக்கு வந்த?

மச்சினி: இங்க எதுக்கு வருவாங்க? இன்டர்வியூவுக்குத்தான்.

மாமா: உங்க அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

மச்சினி: யார்கிட்டயும் சொல்லிக்கல மாமா. தோத்துட்டா மானம் போயிடும் பாருங்க.

மாமா: தோக்கறதா? இதுலயா? இதுல போய் எவனாவது தோப்பானா?

மச்சினி: நீங்க ஒரே தடவையில பாஸ், இல்ல?

மாமா: ஒரே... ஆமா. கண்ணை மூடிக்கிட்டு. அதிகாரி எந்திரிச்சு நின்னு கை குடுத்தான்.

மச்சினி: போன தடவை சொன்னப்போ தோள்ல தட்டினார்னீங்க.

மாமா: கையையும் குடுத்தான், தோள்லயும் தட்டினான். அவனுக்கு ரெண்டு கை இருக்குல்ல?

மச்சினி: இருக்கும், இருக்கும். சுவத்துல இருக்கிற அந்தப் போஸ்டரைப் பாருங்களேன். குடிமகன் ஆனவங்க எல்லாம் பல்லு தெரிய சிரிக்கிறாங்க. கீழே உக்காந்திருக்கிற ஒரு மூஞ்சியிலயாவது சிரிப்பு இருக்கா? பல்லு பிடுங்க வந்தவங்க மாதிரி இருக்காங்க.

மாமா: போஸ்டர்ல இருக்கிறவனுக்குக் காசு குடுத்திருப்பான். நீ நேரா உக்காரு. உள்ளே போனா கண்ணைப் பார்த்துப் பேசு. ஒரு வாக்கியத்துல நாலு தடவை ‘சார்’ போடாதே. இந்த நாட்டுல உனக்கு என்ன பிடிச்சிருக்குன்னு கேட்டா, வரிசைன்னு சொல்லு.

மச்சினி: வரிசையா?

மாமா: ஆமா. பெரியவன் சின்னவன் இல்லாம எல்லாரும் வரிசையில நிக்கிறாங்கல்ல? அதைச் சொன்னா உருகிப் போயிடுவான்.

மச்சினி: நீங்க எங்கேயும் வரிசையில நின்னு நான் பார்த்ததே இல்லையே மாமா. கடைக்குப் போனாக்கூட அக்காவை நிக்க வச்சுட்டு கார்ல உக்காந்துக்குவீங்க.

மாமா: உன்கிட்ட நல்லது சொல்ல வந்தேன் பாரு...

மச்சினி: கோவிச்சுக்காதீங்க. நான் கேள்வி கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. உங்க வாயால கேட்டா எனக்கு மனசுல நிக்கும்.

மாமா: கேளு. இந்த நாட்டைப் பத்தி என்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்ப?

மச்சினி: தேர்தல் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?

மாமா: அஞ்சு.

மச்சினி: அஞ்சா? நான் நாலுன்னு படிச்சேன். தப்பா படிச்சிருப்பேனோ...

மாமா: நாலு... நாலுதான். நீ தூங்குறியான்னு பார்த்தேன்.

மச்சினி: நல்லா பார்த்தீங்க. சட்டம் போடுறது யாரு?

மாமா: பிரதமர்.

மச்சினி: அவர் ஒருத்தரேவா? அப்போ பார்லிமென்ட்ல அத்தனை பேர் எதுக்கு, ஏசியில தூங்கவா?

மாமா: பார்லிமென்ட்டுதான்! அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீ குறுக்கே விழற.

மச்சினி: இனிமே விழல. பார்லிமென்ட் சட்டம் போடுது, சரி. கோர்ட்டை ஏன் தனியா வச்சிருக்காங்க? எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுக்கிட்டா செலவு மிச்சம்தானே?

மாமா: அது... அது வந்து...

மச்சினி: இந்த ஒண்ணுதான் என் மண்டையில ஏறவே மாட்டேங்குது. ஆட்சி தனி, கோர்ட் தனி... நீங்க பஸ் ஓட்டுறவர். நாலு பேரைப் பார்த்தவர். நீங்க சொன்னா புரியும்.

மாமா: பஸ்ஸுக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? இரு... இருக்கு. சம்பந்தம் இருக்கு! எங்க டிப்போவுல டைம்டேபிள் போடுறது ஒரு கூட்டம். அதைப் பார்த்து பஸ்ஸை ஓட்டுறது நான். நான் லேட்டா வந்தேன்னு யாராவது புகார் குடுத்தா, அதை விசாரிக்கிறது வேற ஒருத்தன். இந்த மூணையும் என்கிட்டயே குடுத்தான்னு வை...

மச்சினி: குடுத்தா?

மாமா: நான் வர்ற நேரம்தான் சரியான நேரம்னு எழுதிப்பேன். நீ ஸ்டாப்புல வேர் விட்டு நிக்க வேண்டியதுதான்.

மச்சினி: அம்மாடி! இப்போல்ல புரியுது!

மாமா: இதெல்லாம் புத்தகத்துல வராது. அனுபவம்.

மச்சினி: உள்ளே கேட்டா இதையே சொல்லலாமா?

மாமா: தாராளமா. மாமா சொன்னார்னு மட்டும் சொல்லாதே.

மச்சினி: ஓட்டுப் போடுறதைப் பத்திக் கேட்டா? அதுல உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. தேர்தல் அன்னிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் அதுவுமா நீங்க கிளம்புற அழகு இருக்கே...

மாமா: கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல?

மச்சினி: போன தடவை யாருக்குப் போட்டீங்க?

மாமா: அதெல்லாம் ரகசியம். கேக்கக் கூடாது.

மச்சினி: அன்னிக்குச் சாப்பாட்டு மேசையில ஒரு மணி நேரம் சொன்னீங்க.

மாமா: அப்புறம் எதுக்கு மறுபடி கேக்குற?

மச்சினி: எங்க வீட்டுக்காரர் நடுவுல ஏதோ கருத்துச் சொல்ல வந்தார். ‘நேத்து வந்து இறங்கினவனுக்கெல்லாம் அரசியல் எதுக்கு, நாங்க ஓட்டுப் போடுறவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல’ன்னீங்க.

மாமா: தமாஷுக்குச் சொன்னேன்.

மச்சினி: அவர் சிரிக்கல மாமா. தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

மாமா: அன்னிக்குக் குழம்பு நல்லா இருந்திருக்கும்.

மச்சினி: என் கல்யாணத்துக்கு வராம இருந்தீங்களே, அதுவும் தமாஷ்தானா?

மாமா: அதை இப்போ எதுக்கு இழுக்குற? பஸ் ஓட்ட ஆள் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது?

மச்சினி: குடும்பம் மொத்தமும் விமானம் ஏறி வந்துச்சு. நீங்களும் வந்திருந்தா இந்த ஊரே பஸ் இல்லாம நடந்துதான் போயிருக்கும், இல்ல?

மாமா: குத்தாதேம்மா. நல்ல நாளும் அதுவுமா.

மச்சினி: சரி, குத்தல. மாமா... அந்தக் கதவுகிட்ட நிக்கிற அம்மா யாரையோ கூப்பிடுறாங்க.

மாமா: யாரையோ.

மச்சினி: உங்க பேரு மாதிரி கேக்குது.

மாமா: அவங்க வாயில நுழையறப்போ எல்லாப் பேரும் என் பேரு மாதிரிதான் கேக்கும். தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி.

மச்சினி: கூப்பிட்டதும் கோட்டுப் பட்டனைப் போட்டீங்களே?

மாமா: குளிருது.

மச்சினி: வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு.

மாமா: குளிர்லயும் சில பேருக்கு வேர்க்கும்.

மச்சினி: மறுபடி கூப்பிடுறாங்க. யாரும் எந்திரிக்கல.

மாமா: எந்திரிக்காட்டி போகட்டும். நமக்கென்ன?

மச்சினி: நமக்கென்ன... ஆனா பாவம், யாரோ எவ்வளவு நாள் காத்திருந்தாங்களோ. வரலைன்னு எழுதிட்டா திரும்ப முதல்லேர்ந்து. ஆமா, உங்க பொண்ணு வெளிநாட்டுல பட்டம் வாங்குற விழாவுக்கு டிக்கெட் போட்டாச்சாமே? இந்தத் தடவை எல்லாரும் ஒண்ணா பறக்கப் போறோம்னு அக்கா சொன்னா.

மாமா: போட்டாச்சு.

மச்சினி: அப்பா வராம மேடை ஏற மாட்டேன்னு சொல்லிட்டாளாமே அவ?

மாமா: சொல்லிட்டா.

மச்சினி: மூணாவது தடவை, மாமா. அந்தம்மா கதவைச் சாத்தப் போறாங்க.

மாமா: சாத்தட்டும். உன் முன்னாடி... சாத்தட்டும் விடு.

மச்சினி: ஒருவேளை பழைய ஆளுங்களைக் கூப்பிட்டு ரெக்கார்டு சரிபார்க்கிறாங்களோ என்னவோ? எங்க ஆபீஸ்ல ஒருத்தரை அப்படித்தான் கூப்பிட்டாங்க. குடியுரிமை வாங்கி ரொம்ப வருஷம் ஆனவர்.

மாமா: அப்படி உண்டா?

மச்சினி: உண்டே.

மாமா: உண்டு! ஆமா, உண்டு. சரிபார்ப்பு. எனக்குக்கூட ஏதோ கடிதாசி வந்த ஞாபகம்.

மச்சினி: அதேதான். ஓடுங்க! ஃபைலையும் எடுத்துக்கோங்க.

மாமா: அவன் பாத்ரூம்லேர்ந்து வந்தான்னா...

மச்சினி: நான் பார்த்துக்கறேன். நடுங்கினா பிடிச்சுக்கறேன். போங்க!

*

அதிகாரி: உட்காருங்க. மூணு தடவை கூப்பிட்டேன்.

மாமா: பஸ் சத்தத்துலயே இருந்து பழகின காது, மேடம்.

அதிகாரி: பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை வந்திருக்கீங்க. தேறலை. அதுக்கப்புறம் விண்ணப்பிக்கவே இல்ல. ஏன்?

மாமா: நேரம் கிடைக்கல.

அதிகாரி: இத்தனை வருஷமாவா?

மாமா: மேடம், கதவு சாத்தியிருக்கா?

அதிகாரி: சாத்தியிருக்கு.

மாமா: பேசுறது வெளியில கேக்காதே?

அதிகாரி: கேக்காது. சொல்லுங்க.

மாமா: நான் ஏற்கெனவே குடிமகன், மேடம்.

அதிகாரி: என்னது?

மாமா: வீட்ல. வீட்ல மட்டும்.

அதிகாரி: புரியற மாதிரி சொல்லுங்க.

மாமா: அன்னிக்கு நானும் என் மனைவியும் ஒண்ணா வந்தோம். அவ ஒரு அறை, நான் ஒரு அறை. அவ தேறிட்டா. எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. என் பேரைக் கேட்டதுக்கே யோசிச்சேன். டூட்டி இருக்குன்னு அவளைப் பார்க்காம நேரா டிப்போவுக்கு ஓடிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா உள்ளே ஒரே கூட்டம். கதவைத் திறந்ததும் எல்லாரும் கை தட்டினாங்க.

அதிகாரி: நீங்க என்ன சொன்னீங்க?

மாமா: நன்றின்னேன்.

அதிகாரி: அவ்வளவுதானா?

மாமா: அந்த ஒரு நன்றியைத்தான் இன்னும் சுமந்துக்கிட்டு இருக்கேன். தேர்தல் வந்தா சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். துணி துவைக்கிற மெஷின் கடையில போய் உக்காந்து, ஊரார் துணி சுத்துறதைப் பார்த்துட்டு வருவேன்.

அதிகாரி: எப்பவாவது ஓட்டுப் போட முயற்சி பண்ணினீங்களா? அது குற்றம்.

மாமா: ஐயையோ, ஓட்டுச் சாவடி இருக்கிற தெருவுலகூட நடக்க மாட்டேன். வீட்ல சொன்ன பொய்க்குச் சட்டம் இருக்கா, மேடம்?

அதிகாரி: அதுக்குச் சட்டம் எதுவும் இல்ல. வெளிநாட்டுப் பயணம்?

மாமா: கிடையாது. விமான நிலையத்துல ரெண்டு வரிசை பிரிப்பாங்கல்ல? குடிமக்கள் ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம். அதுக்குப் பயந்தே எங்கேயும் போகல. வெளியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கா, என் மச்சினி. சின்னதுல என் தோள்ல ஏறித் திரிஞ்சவ. அவ கல்யாணத்துக்குக்கூட போகல. பஸ் ஓட்ட ஆள் இல்லன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு எனக்கு லீவு, மேடம். தனியா வீட்ல உக்காந்து ஜன்னலைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதிகாரி: இப்போ குடியுரிமை எதுக்கு வேணும்?

மாமா: வாங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, வாங்க வேண்டாமா? இல்ல... எழுதாதீங்க, அது பதில் இல்ல. என் பொண்ணு பட்டம் வாங்குறா. போகும்போதும் வரும்போதும் அவ நிக்கிற வரிசையில நானும் நிக்கணும். அவ்வளவுதான்.

அதிகாரி: ம். இதை எழுதிக்கிறேன். சில பொதுக் கேள்விகள். ஆட்சியும் நீதிமன்றமும் ஏன் தனித்தனியா இருக்கணும்?

மாமா: மேடம்... பஸ்ஸை வச்சுச் சொல்லலாமா?

அதிகாரி: எதை வச்சு வேணா சொல்லுங்க.

*

மச்சினி: என்ன மாமா, ரெக்கார்டு?

மாமா: எல்லாம் சரியா இருக்காம். ஒரு குறையும் இல்லையாம்.

மச்சினி: அப்பாடா! கண்ணு ஏன் சிவந்திருக்கு?

மாமா: உள்ளே ஏசி ஜாஸ்தி... வாலு.

மச்சினி: சொல்லுங்க.

மாமா: உன் கல்யாணத்தன்னிக்கு எனக்கு டூட்டி இல்ல. லீவுதான்.

மச்சினி: தெரியும்.

மாமா: என்ன தெரியும்? உனக்கு எப்படித் தெரியும்?

மச்சினி: ஒரு வருஷம் உங்ககூடப் பேசாம இருந்தேனே, அப்போ அக்கா சொன்னா. சொல்லிட்டு, உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.

மாமா: உங்க அக்காவா? அவளுக்கு என்ன... இரு. உன்னை எப்போ கூப்பிடுவாங்க உள்ளே?

மச்சினி: கூப்பிட மாட்டாங்க மாமா. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் போன வருஷமே கிடைச்சாச்சு.

மாமா: போன வருஷமா! என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே?

மச்சினி: உங்களுக்கு முன்னாடி வாங்கிட்டோம்னு எந்த வாயால சொல்றது?

மாமா: அப்போ நீ இங்க...

மச்சினி: அக்கா அனுப்பினா. உங்க இன்டர்வியூ கடிதாசி அவ கண்ணுல பட்டுச்சாம். ‘பேரைக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டார். போறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டு நாக்கை ஓட வை, அப்புறம் கிளப்பி விடு’ன்னா.

மாமா: எப்பலேர்ந்து தெரியும் அவளுக்கு?

மச்சினி: அன்னிக்குலேர்ந்தே.

மாமா: இருக்கவே இருக்காது. அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லிடத்தான் பார்த்தேன். சத்தியமா! நன்றின்னுட்டு, ‘ஆனா’ன்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உங்க அக்கா ஒரு பெரிய துண்டு கேக்கை என் வாயில திணிச்சுட்டா.

மச்சினி: தெரிஞ்சுதான் திணிச்சா மாமா. வாசல்ல உங்க மூஞ்சியைப் பார்த்ததுமே புரிஞ்சு போச்சாம். அத்தனை பேர் முன்னாடி உங்க தலை குனியக் கூடாதேன்னு வாயை அடைச்சாளாம். ‘அந்த ஒரு நிமிஷத்துக்குத்தாண்டி அடைச்சேன், கேக்கை முழுங்கினதுலேர்ந்து அந்த மனுஷன் வாயை மூடவே இல்லையே’ன்னு இன்னிக்கும் தலையில அடிச்சுக்குறா.