டாக்டர் எழுதாத ரத்தம்

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், மேடம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது மூன்றாவது மாடியில் இருக்கும் கோடிங் பிரிவாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டேன். அங்கே ரத்தம் எண்ணாகத்தான் வரும். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைக் கம்ப்யூட்டரில் போடுவது என் வேலை. பதினோரு வருடம் போட்டேன். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

எங்கள் வேலைக்கு ஒரே ஒரு விதிதான் உயிர்நாடி. டாக்டர் எழுதாதது நடக்காதது. லேப் ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் சரி, டாக்டர் எழுதாத வரை அதற்குக் குறியீடு போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் அவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும்.

கால் முறிந்து வந்தால் எழுத யாரும் மறப்பதில்லை. தொல்லையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தில்தான். சிறுநீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சிவப்பணுக்கள் தெரியும். நோயாளிக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை, டாக்டருக்கு நேரம் இல்லை. அதற்கான குறியீட்டைப் போடப் போனாலோ கம்ப்யூட்டர் தலையைத் தின்னும். மறுபடி டெஸ்ட் எடுத்தீர்களா, ஸ்கேன் எடுத்தீர்களா, சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தீர்களா, இல்லையென்றால் ஏன் இல்லை. டாக்டர் பதில் எழுதும் வரை கோப்பு முடியாமல் திரையில் சிவப்பிலேயே நிற்கும்.

எங்கள் டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் மின்னல். நாலு நிமிடத்துக்கு ஒரு நோயாளி. நான் அனுப்பிய கேள்விகளெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரு நாள் நேரிலேயே போய் நின்றேன்.

"ஏம்ப்பா உயிரை வாங்கற? ரெண்டு செல்லு தெரிஞ்சா என்ன, குடியா முழுகிடப் போகுது? என் பாஸ்வேர்டு தரேன், நீயே ஏதாவது எழுதி முடிச்சுடு."

"என்ன சார் எழுதட்டும்?"

"கம்ப்யூட்டரு வாயைத் திறக்காத மாதிரி எதையாவது எழுதேன்."

சிறுநீர்த் தொற்று என்று எழுதினால் கம்ப்யூட்டர் வாயைத் திறப்பதில்லை. 'சிறுநீர்த் தொற்று. மாத்திரை கொடுக்கப்பட்டது. மறுபரிசோதனை தேவையில்லை.' அவர் பெயரில் உள்ளே போய் இதை எழுதுவேன். பிறகு வெளியே வந்து, என் பெயரில் உள்ளே போய், டாக்டர் எழுதியிருப்பதைக் கவனமாகப் படித்து, அதன்படியே குறியீடு போடுவேன். என் இஷ்டத்துக்கு ஒன்றையும் போட்டதில்லை.

அந்த மாதம் எங்கள் பிரிவில் சிவப்பே கிடையாது. மேலாளர் அம்மா கேக் வெட்டினார். "இவரப் பாத்துக் கத்துக்கோங்கப்பா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இப்படி நான் எழுதியவை முந்நூற்றுப் பதினான்கு கோப்புகள் என்று விசாரணையில் நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். இருக்கலாம். நான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா.

அதில் ஒன்று என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன், பெயின்டர், ஐம்பத்து மூன்று வயது, முப்பது வருடமாகச் சிகரெட். வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று டெஸ்ட் எடுத்திருந்தார். பதினெட்டு சிவப்பணுக்கள், கிருமி ஒன்றுகூட இல்லை, அதாவது தொற்று இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருடம் சும்மா படிக்கவில்லையே. ஆனால் அன்று மாதக் கடைசி. என் திரையில் மிச்சமிருந்த ஒரே சிவப்பு அதுதான். சொந்தக்காரர் என்று அவருக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்ற நோயாளிகளின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவருக்கும் அதே மூன்று வாக்கியங்களை எழுதினேன்.

மறு வாரம் அவர் எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தார். ஏணியின் மேலிருந்தே கேட்டார்.

"மாப்பிள்ளை, அங்கதான வேலை பாக்கறீங்க, என் ரிசல்ட்டு என்னாச்சுன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் டாக்டர்தான் மச்சான் சொல்லணும்."

"அவரு ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லலன்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்."

"அப்பாடா, வயித்துல பால வாத்தீங்க" என்று சிரித்துவிட்டு, இறங்கி வந்து வாசலில் ஒரு சிகரெட் பற்ற வைத்தார். கூடத்தை மிக நன்றாக அடித்துக் கொடுத்தார். மூலையில்கூட ஒரு திட்டு இல்லை.

ஒன்பது மாதம் கழித்து அவருக்கு ரத்தம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதற்குள் சிறுநீர்ப்பையிலிருந்து புற்று எலும்புக்குப் போயிருந்தது. அதிலிருந்து பதினேழாவது வாரம் போய்ச் சேர்ந்தார்.

"ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமாம்ங்க. கேன்சர் டாக்டர் சொல்றாரு. பாவி, யாருக்காவது தெரிஞ்சிருக்கக் கூடாதா" என்று என் மனைவி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த அழுகையை என்னாலும் தாங்க முடியவில்லை.

உங்கள் மேஜையில் இருக்கிற புகார் அவள் கொடுத்ததுதான். டைப் செய்து கொடுத்தது நான், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல். அண்ணனுக்கு நியாயம் கேட்க நான் வந்திருப்பதாக நினைத்து, துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். எழுதியது நான், தெரிந்தே எழுதினேன். ஆனால் அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு நோயாளியின் கோப்பில் இருப்பதை வீட்டாரிடம் வெளியிடுவது பெரிய தப்பு, மேடம். அந்த மாதிரித் தப்பை நான் செய்ததே இல்லை.