பாரிட்டில் போட்ட பலகை

சுகுமாறன்: பேச்சை மாத்தாதீங்க லெட்சுமி அக்கா. பலகையை எடுத்தது யாரு?

லெட்சுமி: முதல்ல அந்த மம்மட்டியைக் கீழ வை, சுகு. மாடு மிரளுது.

சுகுமாறன்: மிரளட்டும். குட்டையிலிருந்து தண்ணி வர்ற வாய்க்கால், இந்தப் பாரிட்டு, இங்கதான் ரெண்டாப் பிரியுது. உங்க கொட்டகைப் பக்கம் போற வழியை நான் பலகை போட்டு அடைச்சு வச்சிருக்கேன். காலையில காய் ஏத்திக்கிட்டு பாசார் போரோங் மொத்த மார்க்கெட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா, பலகை கரையில கிடக்குது. என் மிளகாத் தோட்டத்துக்கு வரவேண்டிய தண்ணி பூரா உங்க மாட்டுத் தொட்டியில!

லெட்சுமி: பூராவா? தொட்டியை எட்டிப் பாருலா. அடியில கொஞ்சம் கலங்கிக் கிடக்குது, அவ்வளவுதான்.

சுகுமாறன்: இன்னைக்கு மட்டுமா? இந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

லெட்சுமி: பாரிட்டு உனக்கு மட்டும் வெட்டினதா? ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்னு முறை வச்சுத்தானே எடுத்துக்கிட்டோம். நீயா வந்து அடைச்ச. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

சுகுமாறன்: குட்டையில தண்ணி இருந்தப்ப முறை. இப்ப அங்க சேறுதான் தெரியுது. செடி பூ எடுக்கிற நேரம்க்கா... தொட்டாலே உதிருது. இது போச்சுன்னா எங்களுக்கு இந்த வருசமே போச்சு.

லெட்சுமி: எனக்குச் செவலை சினையா நிக்கிறா. நாக்கு வெளிய வந்துருச்சு. அது வாயைத் திறந்து கேக்காதுடா.

சுகுமாறன்: அதான் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?

லெட்சுமி: மம்மட்டியைக் கீழ வைன்னேன்ல.

சுகுமாறன்: சொல்லுங்கக்கா!

லெட்சுமி: ஆமா. நான்தான் எடுத்தேன். போதுமா?

ஷாமினி: என்னங்க இது... சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது!

லெட்சுமி: வந்துட்டியா ஷாமினி? உன் புருசனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.

ஷாமினி: நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்தப் பலகை...

லெட்சுமி: நீ சும்மா இரு. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல.

சுகுமாறன்: இனிமே பேச்சே இல்ல. நாளைக்குப் பலகைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுறேன். யாரு கை வைக்கிறாங்கன்னு பாக்குறேன்.

லெட்சுமி: பூட்டு. செவலை செத்தா நீயே வந்து குழி வெட்டு. மம்மட்டிதான் கையில இருக்குதே.

ஷாமினி: அய்யோ, ரெண்டு பேரும் நிறுத்துங்க! அங்க பாருங்க... செமினி பக்கம் கறுத்துக்கிட்டு வருது.

சுகுமாறன்: தினமும்தான் கறுக்குது. நேரா கோலாலம்பூருக்குப் போய்க் கொட்டுது. நேத்து உன் தங்கச்சி பிரிக்பீல்ட்ஸ்ல கார் முங்குற வீடியோ அனுப்பினாளே... ஏன்தான் இந்த மழை பேயுதோன்னு.

லெட்சுமி: அதுல ரெண்டு வாளி இங்க ஊத்தக் கூடாதா...

ஷாமினி: காத்து மாறுதுங்க.

சுகுமாறன்: மாறட்டும்.

லெட்சுமி: மண்வாசனை வருது. டெங்கில் டவுன்ல விழுந்துருச்சு போல.

சுகுமாறன்: வாசனை வந்து என்ன செய்ய? போன தடவையும் நாலு சொட்டு விழுந்து, மண்ணுச் சூட்டைக் கிளப்பிவிட்டுப் போயிருச்சு. அதுக்கு வராமலே இருந்திருக்கலாம்.

ஷாமினி: என் கையில ஒண்ணு விழுந்துச்சு.

சுகுமாறன்: பேசாத.

லெட்சுமி: தகரத்துல கேக்குது...

சுகுமாறன்: பேசாதீங்கன்றேன்ல! ... நின்னுருச்சா?

ஷாமினி: இல்ல... வலுக்குது. வலுக்குதுங்க!

லெட்சுமி: தாயே... கொட்டு, நல்லாக் கொட்டு! ஷாமினி, அந்த டிரம்மை இழுத்துக் கூரைக்குக் கீழ வை!

சுகுமாறன்: காத்தடிக்கக் கூடாது... காத்தடிச்சா மிச்சப் பூவும் போயிரும். இப்படியே நிதானமா... நின்னு பேயணும்.

லெட்சுமி: உள்ள வாடா, நனையுற!

சுகுமாறன்: இருங்கக்கா... மண்ணைக் கிளறிப் பாக்குறேன். ஒரு விரல் இறங்கிருச்சு. வேரைத் தொட்டுருச்சுன்னா போதும்... தொட்டுரும். இந்த மழை தொட்டுரும்.

லெட்சுமி: அழுவுறியா?

சுகுமாறன்: மழைத் தண்ணிக்கா.

லெட்சுமி: சரிலா. மழைத் தண்ணிதான்.

ஷாமினி: இப்பவாச்சும் என்னைச் சொல்ல விடுங்க. பலகையில கை வச்சது அக்கா இல்ல. நான். நீங்க வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பினதும் நான்தான் போய்த் தூக்கிவிட்டேன். செவலை கத்துறது நம்ம வீட்டு வரைக்கும் கேக்குது... கேட்டுக்கிட்டு என்னால சோறு ஆக்க முடியலை.

லெட்சுமி: சொல்லாதன்னேனே! உங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை வேணாம்னுதான் சுகு, நான் ஏத்துக்கிட்டேன். அவளைத் திட்டாத.

சுகுமாறன்: தெரியும்.

ஷாமினி: என்ன தெரியும்?

சுகுமாறன்: நீ எடுத்தது. முதல் நாளே பார்த்துட்டேன். போனை மறந்து வச்சுட்டுத் திரும்பி வந்தேன்ல, அப்ப.

லெட்சுமி: தெரிஞ்சுக்கிட்டேவா என் மேல பாஞ்ச? மம்மட்டியைத் தூக்கிக்கிட்டு?

சுகுமாறன்: இன்னைக்கு வந்து பாக்குறேன், கால் வைக்கிற இடமெல்லாம் பூ. யார்கிட்டயாவது கத்தணும் போல இருந்துச்சு. தப்புதான்க்கா... மன்னிச்சிருங்க.

ஷாமினி: அக்கா என்ன பண்ணுவாங்க? என்கிட்ட கத்தியிருக்க வேண்டியதுதானே?

சுகுமாறன்: உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கத்துவேன்? செவலை கத்துறது எனக்கும்தானே கேட்டுச்சு. ஊறிப்போன பலகை... உன்னால பாதிதானே தூக்க முடிஞ்சுது. தினமும் ரோட்டோரம் வேனை நிறுத்திட்டு, நீ வீட்டுக்குப் போனப்புறம், மீதியைப் பிடுங்கிக் கரையில போட்டது நான்தான்.